பச்சிளங்குழந்தையின் மூச்சுத்திணறல்: எக்ஸ்ரேக்கு முன் ஸ்கேன் வைத்துப் பார்க்கலாமா?

வைகைக்கரை (தொடக்கப் பதிவு)

மாவட்ட அளவிலான மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் குழந்தைநல மருத்துவராக இருக்கிறேன். இரவு பதினொரு மணிக்குமேல் ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால், பெரியவர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் நகரும் எக்ஸ்ரே கருவியை இரண்டு கட்டடங்கள் தாண்டித் தள்ளிக்கொண்டு வரவேண்டும். லிஃப்ட் ஓடும் நாளில் அரை மணி நேரம் ஆகும். ஓடாத நாளைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அதே வேளையில், குழந்தைகளின் மூளையையும் இதயத்தையும் பார்ப்பதற்கென்று வாங்கிய மீயொலிக் கருவி (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எங்கள் பிரிவிலேயே, குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் வார்மருக்கு நான்கடி தள்ளி நிற்கிறது.

காற்று உள்ள இடத்தில் ஸ்கேன் பயன்படாது என்றுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள். இப்போது நுரையீரலையே அதனால் பார்க்கலாம் என்கிறார்கள். ஆர்.டி.எஸ். (குறைமாத நுரையீரல் முதிராமையால் வரும் மூச்சுத்திணறல்), டி.டி.என். (நுரையீரலில் நீர் வற்றத் தாமதமாவதால் வரும் தற்காலிக மூச்சு வாங்கல்), நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் காற்று புகுதல்) ஆகிய மூன்றையும் அதனால் பிரித்தறிய முடியுமா? எக்ஸ்ரே இல்லாமல், ஸ்கேனை மட்டும் நம்பி, ஆர்.டி.எஸ்.க்கான மருந்தாகிய சர்ஃபாக்டன்டைக் கொடுக்கத் துணியலாமா? செய்து பழகியவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மூச்சுமணி

வணக்கம் டாக்டர். கல்லூரியில் சொன்னது பொய்யில்லை. மென்திசுக்களில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் மீயொலி, காற்றைத் தொட்டதும் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே காற்று நிறைந்த நுரையீரலின் உட்புறத்தை எந்த ஸ்கேனும் காட்டுவதில்லை. நுரையீரலைச் சுற்றிய உறையில் மோதித் திரும்பும் ஒலி, திரையில் உண்டாக்கும் பொய்த் தோற்றங்களையே நாம் படிக்கிறோம். கிணற்றுக்குள் இறங்காமல், மேலிருந்து கல்லைப் போட்டு, எழும் ஓசையைக் கொண்டு நீர் இருக்கிறதா என்று சொல்வதைப் போன்ற வேலை இது. அந்தப் பொய்த் தோற்றங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதைப் பெரியவர்களின் தீவிர சிகிச்சையில் படிப்படியாக வகுத்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன்.

உறைக்கோட்டுக்குக் கீழே, தோலிலிருந்து உறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதே இடைவெளியில், ஏணிப்படிகளைப் போலத் திரும்பத் திரும்பத் தோன்றும் கிடைக்கோடுகள் ஏ கோடுகள். அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். உறையிலிருந்து புறப்பட்டுத் திரையின் அடிவரை மங்காமல் இறங்கி, மூச்சோடு சேர்ந்து அசையும் செங்குத்தான வெண்கோடுகள் பி கோடுகள். காற்று குறைந்து நீர் கூடியிருக்கிறது என்று பொருள். பி கோடுகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அந்தப் பக்கமே சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்துவிடும். காற்று முற்றிலும் போய்விட்ட பகுதி மட்டுமே கல்லீரலைப் போன்ற திசுவாக, உள்ளபடியே தெரியும்.

பச்சிளங்குழந்தையிடம் இது பெரியவர்களிடத்தை விட நன்றாகவே வேலை செய்கிறது. நெஞ்சுச் சுவர் மெல்லியது, விலா எலும்புகளின் முன்பகுதி குருத்தெலும்பாக இருப்பதால் ஒலியை அவ்வளவாக மறைப்பதில்லை, நெஞ்சே நம் உள்ளங்கை அகலந்தான். 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட நேர்கோட்டு ப்ரோப் (நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் முனை) இருந்தால் போதும்; இதயத்துக்கான ப்ரோபில் உறைக்கோடு தெளிவாக வராது.

ஆர்.டி.எஸ். உள்ள குறைமாதக் குழந்தையிடம் இரு பக்கமும், மேலிருந்து கீழ்வரை விட்ட இடமில்லாமல் வெண்மை பரவியிருக்கும். உறைக்கோடு தடித்து, ஒழுங்கற்று, அதன் கீழே சிறுசிறு கருந்திட்டுகளோடு காணப்படும். டி.டி.என். உள்ள குழந்தையிடம் உறைக்கோடு மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். பல குழந்தைகளிடம் மேற்பகுதி ஓரளவு தெளிவாகவும் கீழ்ப்பகுதி அடர்ந்த வெண்மையாகவும் இருந்து, இரண்டும் சந்திக்கும் எல்லை ஒரு கோடு கிழித்தாற்போலத் தெரியும். இந்த எல்லையை 'இரட்டை நுரையீரல் புள்ளி' என்று பெயரிட்டு 2007இல் எழுதியவர்கள் இத்தாலியின் கோப்பெட்டி, கத்தரோஸி ஆகிய மருத்துவர்கள். அது தெரிந்தால் டி.டி.என். என்பதை நம்பலாம். தெரியவில்லை என்பதற்காக டி.டி.என். இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

நிழற்படம்

கதிரியல் துறையில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சில ஐயங்களை முன்வைக்கிறேன். இதைத் துறைச் சண்டையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் துறையின் கருவியைத்தான் நீங்கள் கையில் எடுத்திருக்கிறீர்கள், எனக்கு மகிழ்ச்சியே.

முதலாவது ஐயம் பி கோடுகளைப் பற்றியது. அவை நுரையீரல் ஈரமாக இருக்கிறது என்று சொல்கின்றனவே தவிர, ஏன் ஈரமாக இருக்கிறது என்று சொல்வதில்லை. நுரையீரல் சிரைகள் தவறான இடத்தில் சென்று சேர்ந்து, வழியில் அடைபட்டும் இருக்கும் குழந்தையின் நுரையீரல் எக்ஸ்ரேயிலும் வெளுத்திருக்கும், ஸ்கேனிலும் வெளுத்திருக்கும். அந்தக் குழந்தைக்குத் தேவை அறுவை சிகிச்சை. முழுமாதக் குழந்தை, நீலம் பாரித்திருக்கிறது, ஆக்சிஜன் கூட்டியும் ஏறவில்லை என்றால், நுரையீரலில் வெண்மையைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்ளாமல், அதே கருவியில் ப்ரோபை மாற்றி இதயத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒலி உறைவரை சென்று திரும்பிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உறையைத் தொடாமல் உள்ளே இருக்கும் கோளாறு எதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் திசுக்களுக்கிடையே காற்று கசிந்து நிற்பதை எப்படிக் காண்பீர்கள்? நுரையீரல் அளவுக்கு மீறி ஊதியிருப்பதை எப்படிக் கணக்கிடுவீர்கள்? எக்ஸ்ரேயில் உதரவிதானம் எட்டாவது விலாவில் நிற்கிறதா, பத்தாவதுக்குக் கீழே தள்ளப்பட்டிருக்கிறதா என்று எண்ணி அழுத்தத்தைக் குறைக்கச் சொல்கிறோம். ஸ்கேனில் ஆரோக்கியமான நுரையீரலுக்கும் மிகையாக ஊதிய நுரையீரலுக்கும் ஒரே ஏ கோடுகள்தான்.

மூச்சுக்குழாயில் போட்ட ட்யூபின் நுனியும் தொப்புள் வழியே செலுத்திய குழாயின் நுனியும் எங்கே நிற்கின்றன என்பதற்காக எப்படியும் ஒரு படம் எடுக்கத்தான் போகிறீர்கள். அந்தப் படத்தில் நுரையீரலும் சேர்ந்தே விழுகிறதே.

மூச்சுமணி

ஐயா சொல்வதில் மறுப்பதற்கு ஏதுமில்லை. சிரைக் கோளாற்றைப் பற்றிச் சொன்னதை இந்த இழையைப் படிக்கும் ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ள வேண்டும். மிகை ஊதலை ஸ்கேன் காட்டாது என்பதும் உண்மை. குழாய் நுனிக்காகப் படம் எடுக்கும்போது நுரையீரலையும் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் படம் ஒரு கணத்தின் பதிவு. அடுத்த மூன்று மணி நேரத்தில் குழந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய மூன்று படம் எடுக்க மாட்டோம். மூன்று முறை ப்ரோப் வைக்கத் தயங்கமாட்டோம்.

கேள்வி இன்னதென்று தெளிவாக இருக்கும்போதுதான் ஸ்கேன் விடை சொல்கிறது என்பதே என் அனுபவம். 'இந்தக் குழந்தைக்கு என்ன?' என்று கேட்டால் எக்ஸ்ரேயே மேல். 'இந்தப் பக்கம் உறைக்குள் காற்று புகுந்திருக்கிறதா?' என்று கேட்டால் ஸ்கேனுக்கு இணையில்லை. உறை மூச்சோடு வழுக்குவது தெரிந்தாலும், ஒரே ஒரு பி கோடு தெரிந்தாலும், ப்ரோப் வைத்த அந்த இடத்தில் நியூமோதோராக்ஸ் இல்லை. வழுக்கலும் இல்லை, பி கோடும் இல்லை, ப்ரோபைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது வழுக்கும் பகுதியும் வழுக்காத பகுதியும் சந்திக்கும் புள்ளி கிடைக்கிறது என்றால் ஐயமே வேண்டாம். திடீரென்று நிலை மோசமான 42 குழந்தைகளை வைத்து ரைமோண்டி குழுவினர் ஆறு மையங்களில் செய்து 2016இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், ஸ்கேன் முடிய சராசரியாக 5 நிமிடங்களுக்குச் சற்று மேலும், எக்ஸ்ரே கைக்கு வர 19 நிமிடங்களும் ஆயின; ஸ்கேன் ஒரு நியூமோதோராக்ஸைக்கூடத் தவறவிடவில்லை. இதயத்துடிப்பு விழுந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தப் பதினான்கு நிமிடங்கள் என்னவென்று வைகைக்கரைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவறும் செய்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். பழகத் தொடங்கிய ஆண்டில், 35 வாரத்தில் அறுவை சிகிச்சை மூலம் பிறந்த ஒரு குழந்தையைப் பிறந்து நாற்பதாவது நிமிடத்தில் பார்த்தேன். இருபுறமும் பி கோடுகள். ஆர்.டி.எஸ். என்று முடிவு கட்டி, ட்யூபுக்கும் மருந்துக்கும் ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டேன். மூத்த மருத்துவர் வந்து, "உறைக்கோட்டைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். அது நூல் பிடித்தாற்போல மெல்லியதாக, நேராக இருந்தது. கருவறையில் நீர் நிறைந்திருந்த நுரையீரல் பிறந்தவுடன் முழுவதும் வற்றிவிடுவதில்லை. நலமான குழந்தையிடமும் முதல் சில மணி நேரம் பி கோடுகள் இருக்கும் என்பதை நான் படித்திருந்தேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. சிபேப்பில் (மூக்கு வழியே தொடர் காற்றழுத்தம் தரும் கருவியில்) வைத்தோம். ஆறு மணி நேரத்தில் சாதாரணக் காற்றிலேயே குழந்தை இருந்தது.

ஈரோட்டுத் தந்தை

டாக்டர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துவிட்டுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். எங்களுக்கு 31 வாரத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சில் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு, மூத்தவனுக்கு மட்டும் நுரையீரலுக்கான மருந்தைக் கொடுத்தார்கள். இளையவளுக்குத் தேவையில்லை என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தது மறுநாள்தான். இருவரும் இப்போது நலமாக வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும், ஒரே நாளில் ஒரே வயிற்றிலிருந்து பிறந்தவர்களுக்கு ஏன் இந்த வேறுபாடு, எக்ஸ்ரே எடுக்காமல் அவ்வளவு விலையுள்ள மருந்தைக் கொடுத்தது முறைதானா என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் பேசப்படுகிறது. விளக்கினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

முதுநிலை மாணவி

ஐயா, பிள்ளைகள் இருவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. உங்கள் பிள்ளைகளின் ஏடுகளைப் பார்க்காமல் அவர்களைப் பற்றிச் சொல்வது முறையாகாது. அந்த முடிவுக்குப் பின்னால் பொதுவாக என்ன கணக்கு இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

குறைமாதக் குழந்தையின் நுரையீரல் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பொருளே சர்ஃபாக்டன்ட். அது போதாமையால்தான் இந்த நோய் வருகிறது என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் கண்டறிந்தார்கள். ஆயினும் கொடுக்க மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்கூடத் தாண்டாமல் இறந்தான். ஜப்பானில் ஃபுஜிவாரா 10 குழந்தைகளுக்கு மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டது 1980இல்.

இன்றைய சிக்கல், யாருக்குக் கொடுப்பது என்பதுதான். சிபேப்பில் இருக்கும் குழந்தைக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் கொடுப்பது வழக்கம். அந்த அளவை எட்டும்வரை காத்திருந்தால் சில குழந்தைகளுக்கு முதல் இரண்டு மூன்று மணி நேரம் கடந்துவிடும். மருந்தோ எவ்வளவு முன்னதாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். இங்கேதான் ஸ்கேன் வருகிறது. ஒவ்வொரு நுரையீரலையும் முன்மேல், முன்கீழ், பக்கவாட்டு என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள். ஏ கோடுகள் மட்டும் என்றால் 0, திசுவாகவே கெட்டித்துவிட்டால் 3. இரு நுரையீரலும் சேர்த்து மொத்தம் 18. பாரிசுக்கு அருகே பணியாற்றிய பிராட், டி லூகா முதலானோர் 130 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய வல்லுநர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், ஆக்சிஜன் அளவோடு சேர்த்து, ஸ்கேனில் தேவை தெரிந்தாலும் கொடுக்கலாம் என்று இடம்பெற்றுள்ளது. எனவே எக்ஸ்ரேக்கு முன் கொடுத்தது முறைகேடு என்று நீங்கள் கருத வேண்டியதில்லை.

இரட்டையர்களில் ஒருவருக்கு மட்டும் தேவைப்படுவது அரிதன்று. ஆண் குழந்தைகளின் நுரையீரல் சற்றுத் தாமதமாக முதிர்கிறது என்பதும் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

நிழற்படம்

மாணவி தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் விட்டுப்போன ஓர் எண்ணை நான் சேர்க்கிறேன். அந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு 4 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது, மருந்து தேவைப்பட்ட ஒருவரும் தப்பவில்லை. தேவைப்படாதவர்களைச் சரியாக விலக்கியதோ 61 விழுக்காடுதான். அதாவது தேவையில்லாத பத்துப் பேரில் நான்கு பேருக்கு அந்த எல்லை மருந்தைப் பரிந்துரைத்திருக்கும். ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மருந்தை, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திக் கொடுக்கும் மருந்தை, அப்படிக் கொடுக்கலாமா?

முதுநிலை மாணவி

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் காரணத்தால்தான் பின்னர் பல இடங்களில் எல்லையை உயர்த்தி, 8க்கு மேல் இருந்தால் கொடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை. வாரம், மூச்சு வாங்கும் அளவு, ஆக்சிஜன் தேவை எந்தப் பக்கம் போகிறது என்பதோடு சேர்த்தே பார்க்கிறோம். இடைப்பட்ட மதிப்பெண் வந்தால் அரை மணி நேரத்தில் இன்னொரு முறை பார்ப்போம்.

இரவுப்பணி

நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவர்கள் கண்ணில் படாத சிலவற்றை எழுதுகிறேன்.

900 கிராம் குழந்தையின் நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லை வைத்தால் உடல் வெப்பம் உடனே இறங்கும். ஜெல்லை வார்மரின் தட்டில் சற்று நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கிய பிறகு, பட்டாணி அளவு எடுத்தால் போதும். பெரிய புட்டியிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் பிதுக்குவது கூடவே கூடாது. மீயொலி ஜெல்லில் கிருமி வளர்ந்து பலருக்குப் பரவிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிருமி நீக்கிய சிறு ஜெல் பொட்டலங்களையே ஒரு குழந்தைக்கு ஒன்றாகப் பயன்படுத்த வேண்டும். ப்ரோபை மட்டும் துடைத்துவிட்டு அதன் ஒயரை அப்படியே அடுத்த இன்குபேட்டருக்குள் விடுவதையும் பார்க்கிறேன். ஒயர்தான் படுக்கை முழுவதும் உரசுகிறது.

குழந்தையைத் திருப்பிப் போடாமலே முன்பக்கமும் பக்கவாட்டும் பார்த்துவிடலாம். எக்ஸ்ரே தகட்டை முதுகுக்குக் கீழே நுழைப்பதைவிட இது குழந்தைக்கு எளிது என்பதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். ஆனால் பழகுநர்கள் நான்கு பேர் வரிசையாக வந்து ஒரே குழந்தையின் நெஞ்சில் ப்ரோபை அழுத்துவதை நான் அனுமதிப்பதில்லை.

கருவியறை

மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். வைகைக்கரை அவர்கள் தொடங்குமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கருவின் பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மீயொலிக் கருவியும் அது நிற்கும் இடமும் மாவட்ட அளவிலான உரிய அலுவலரிடம் பதிவாகியிருக்க வேண்டும். 'நாங்கள் குழந்தையைத்தானே பார்க்கிறோம், கர்ப்பிணியை இல்லையே' என்பது விலக்காகாது. கருவியால் என்ன செய்ய முடியும் என்பதையே சட்டம் பார்க்கிறது. தூக்கிச் செல்லும் கருவிகளுக்கு 2012இல் வந்த விதித்திருத்தம் இன்னும் கண்டிப்பானது: பதிவான வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்காகவே அதை நகர்த்தலாம். பக்கத்து மருத்துவமனைக்கு இரவல் கொடுப்பது, காரில் வைத்து எடுத்துச் செல்வது எல்லாம் கருவியைப் பறிமுதல் வரை கொண்டுபோய்விடும். கர்ப்பிணிகளுக்கு நிரப்பும் எஃப் படிவம் உங்களுக்குத் தேவையில்லை. ஆயினும் யார், எப்போது, எந்தக் குழந்தைக்குப் பார்த்தார் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது உங்களுக்கே பாதுகாப்பு.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்ப எழுதுகிறேன். கருவி பதிவாகியிருக்கிறது, ஆனால் பதிவில் இருந்த அறை வேறு, அது நின்ற அறை வேறு. திருத்தக் கடிதம் கொடுத்துவிட்டோம்.

மூச்சுமணி அவர்களின் தவற்றைப் படித்த பிறகு, நோயுற்ற குழந்தைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தாயின் இசைவோடு நலமான குழந்தைகளையே முதலில் பார்த்து வருகிறேன். இருபது பேர் ஆயிற்று. இரண்டாவது மணி நேரத்தில் பி கோடுகள் நிறைந்திருந்த ஒரு முழுமாதக் குழந்தை, அழுது பால் குடித்துக்கொண்டு எவ்விதக் குறையும் இல்லாமல் இருந்தது. மறுநாள் பார்த்தபோது ஏ கோடுகள் மட்டுமே இருந்தன. இதைப் பார்க்காமல் நேரே நோயாளிக் குழந்தையிடம் போயிருந்தால் நானும் அதே தவற்றைச் செய்திருப்பேன்.

நேற்று முன்தினம் இரவு, சிபேப்பில் இருந்த ஒரு குழந்தையின் ஆக்சிஜன் திடீரென்று விழுந்தது. உறைக்குள் காற்று புகுந்த பக்கம் கூடுதலாக ஒளிரும் என்பதால், நெஞ்சில் டார்ச் வைத்துப் பார்த்ததில் இடப்பக்கம் சற்றே கூடுதலாக ஒளிர்வதுபோல் தோன்றியது; குறைமாதக் குழந்தை என்பதால் அதை நம்ப முடியவில்லை. ப்ரோப் வைத்தேன். இடப்பக்கம் உறை வழுக்கியது, பி கோடுகளும் இருந்தன. காற்றை வெளியேற்ற ஊசி குத்தவில்லை. மூக்கில் பொருத்திய குழல் சளியால் அடைத்திருந்தது. சிஸ்டர் அதை உறிஞ்சி எடுத்ததும் அளவு ஏறியது. எக்ஸ்ரே கருவி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது, படத்திலும் காற்று இல்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நான் பார்த்ததை ஏட்டில் எப்படி எழுதுவது? 'நுரையீரல் ஸ்கேன் இயல்பு' என்று எழுதலாமா?

நிழற்படம்

அப்படி எழுதாதீர்கள். எந்த நேரத்தில், எந்தெந்தப் பகுதியில், எந்தக் கேள்விக்காகப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: 'பிறந்து 31 மணி நேரம், இடப்பக்கம் முன்மேல், முன்கீழ், பக்கவாட்டு, உறை வழுக்குகிறது, பி கோடுகள் உள்ளன, பார்த்த பகுதிகளில் நியூமோதோராக்ஸ் இல்லை.' பகுதிக்கு ஐந்து நொடிக் காணொளி ஒன்றைக் கருவியில் சேமித்துவையுங்கள். நின்ற படத்தில் வழுக்கல் தெரியாது. மறுநாள் காலையில் நான் வந்து பார்க்கும்போது எனக்கு அந்த அசைவு வேண்டும்.